ஸ்லாம் ஏலம்

ஸ்லாம் ஏலம் என்பது காண்ட்ராக்ட் பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தில், மொத்தமுள்ள 13 பிடிகளுள் 12 அல்லது 13 பிடிகளை எடுப்பதாக ஓர் இணை பொறுப்பேற்பதற்கு முன்னர், ஏலக் கேள்விகளின் வாயிலாகவே தம் இரு கைகளின் வலிமையை ஆராய்ந்தறியும் முறை ஆகும். 12 பிடிகளுக்கான ஒப்பந்தம் சிறு ஸ்லாம் என்றும், 13 பிடிகளுக்கான ஒப்பந்தம் பெரு ஸ்லாம் அல்லது கிராண்ட் ஸ்லாம் என்றும் அழைக்கப்படுகின்றது. டென்னிஸ் முதலிய விளையாட்டுகளில் இன்று வழங்கும் கிராண்ட் ஸ்லாம் என்னும் தொடர் சீட்டாட்டத்திலிருந்தே அங்குச் சென்றதாகும்.

ஸ்லாம் ஆராய்ச்சியில் விடை காணவேண்டிய வினாக்கள் இரண்டு. இரு கைகளிலும் சேர்த்து 12 பிடிகள் உண்டா என்பது முதலாவது. அப்பிடிகளை எடுத்து முடிப்பதற்குள் எதிரணி இரண்டு பிடிகளை எடுத்துவிடக்கூடுமா என்பது இரண்டாவது. முதல் வினாவுக்கு விடை காணாமலேயே இரண்டாவதற்குத் தாவிவிடுவது, பயிலும் ஆட்டக்காரர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பிழையாகும். பிளாக்வுட் முதலிய புகழ்பெற்ற மரபுகள் இரண்டாவது வினாவுக்கு மட்டுமே, அதிலும் ஒரு பகுதிக்கு மட்டுமே விடை தருகின்றன.

ஏலத்தின் அடிப்படை

பிரிட்ஜ் ஆட்டத்தில் நால்வர் இரண்டு இணைகளாக எதிரெதிரே அமர்ந்து ஆடுவர். ஒவ்வொருவருக்கும் 13 சீட்டுகள் கிடைக்கும். ஆட்டத்துக்கு முன் ஏலம் நடைபெறும். 304, 28 போன்ற ஆட்டங்களில் துருப்பைத் தீர்மானிக்க ஏலம் கேட்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் பிரிட்ஜில் ஒரு கேள்வி, எண்ணையும் துருப்பினத்தையும் சேர்த்தே குறிக்கும். ஆறு பிடிகள் கணக்கில் கொள்ளப்படாமல் அதற்கு மேற்பட்டவையே எண்ணப்படுவதால், 4 ஸ்பேட் என்பது ஸ்பேட் துருப்பாக 10 பிடிகள் எடுப்பதையும், 6 ஸ்பேட் என்பது 12 பிடிகள் எடுப்பதையும் குறிக்கும். இனங்கள் கிளாவர், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட் என ஏறுவரிசையில் அமையும். துருப்பின்றி ஆடுவதைக் குறிக்கும் நோ டிரம்ப் இவை எல்லாவற்றுக்கும் மேலானது.

ஏலத்தின்போது கூட்டாளிகள் தம் சீட்டுகளைப் பற்றி ஒருவரோடொருவர் வேறு எவ்வகையிலும் பேசுதல் கூடாது. 35 சட்டப்பூர்வமான கேள்விகளும், பாஸ், டபுள், ரீடபுள் ஆகிய மூன்று சொற்களும் மட்டுமே அவர்களுக்குரிய மொழியாகும். ஒரு கேள்வியைக் கேட்டபின் அதற்குக் கீழ்ப்பட்ட கேள்வியைக் கேட்க இயலாது என்பதால், ஏலத்தின் இடவெளி சிக்கனமாகச் செலவிடவேண்டிய ஒன்றாகும். ஸ்லாம் ஏலத்தின் நுட்பங்களுள் பெரும்பாலானவை இந்த இடவெளிப் பற்றாக்குறையிலிருந்தே தோன்றியவை.

வரலாறு

காண்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு முன் வழங்கிய ஆக்ஷன் பிரிட்ஜில், ஓர் இணை 12 பிடிகளை எடுத்துவிட்டால், ஏலத்தில் அதனைக் கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் ஸ்லாம் ஊக்கப்புள்ளி கிடைத்தது. எனவே ஏலத்தில் உயரே செல்வதற்குத் தேவை ஏற்படவில்லை. 1925-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பனாமாக் கால்வாய் வழியாக ஹவானாவுக்குச் சென்ற ஃபின்லாந்து என்னும் கப்பலில் பயணம் செய்த அமெரிக்கச் செல்வந்தர் ஹரோல்ட் வாண்டர்பில்ட், புதியதொரு புள்ளி முறையை வகுத்துத் தம் உடன்பயணிகளோடு ஆடிப் பார்த்தார். ஏலத்தில் கேட்ட அளவுக்கே கேம், ஸ்லாம் ஊக்கப்புள்ளிகள் உண்டு என்பது அம்முறையின் உயிர்நாடி. ஸ்லாம் ஏலம் என்னும் கலை உண்மையில் அன்றுதான் பிறந்தது எனலாம்.

1930-களில் இத்தேவைக்கான கருவிகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. இண்டியானாபொலிஸ் நகரைச் சேர்ந்த ஈஸ்லி பிளாக்வுட் 1933-இல் 4 நோ டிரம்ப் என்னும் கேள்வியால் ஏஸ்களின் எண்ணிக்கையை வினவும் மரபை உருவாக்கினார். எலை கல்பர்ட்சன் உருவாக்கிய 5 நோ டிரம்ப் மரபு 1936-இல் அவருடைய மனைவி ஜோசபினின் பெயரில் வெளியான கட்டுரையின் வழியாகப் பரவியதால், சில நாடுகளில் இன்றும் ஜோசபின் என்றே வழங்குகின்றது. ஜான் கெர்பர் 1938-இல் அமெரிக்காவில் பரப்பிய 4 கிளாவர் மரபு, நோ டிரம்ப் ஏலங்களுக்குப் பின் ஏஸ் வினவப் பயன்படுகின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகப் போட்டிகளில் நெடுங்காலம் கோலோச்சிய இத்தாலிய அணியினர், ஏஸையும் ராஜாவையும் வேறுபடுத்தாமல் கட்டுப்பாடுகளைக் காட்டும் முறையை வளர்த்தெடுத்தனர். ஒற்றைச் சீட்டைக் காட்டும் ஸ்ப்ளிண்டர் கேள்வியை 1960-களில் டோரதி ஹேடன் அறிமுகப்படுத்தினார்.

இலாப நட்டக் கணக்கு

ஸ்லாம் கேட்பது துணிவைச் சார்ந்தது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் அது கணக்கைச் சார்ந்தது. இரண்டு மேசைகளில் ஒரே சீட்டுகள் ஆடப்படும் அணிப் போட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடர்நிலையில் உள்ள (அதாவது வென்றாலும் தோற்றாலும் மிகுதியான புள்ளி மாற்றத்துக்கு உட்பட்ட) இணை ஒன்று 6 ஸ்பேட் கேட்டு 12 பிடிகளை எடுத்தால், பிடிகளுக்காக 180, கேமுக்காக 500, ஸ்லாமுக்காக 750 என மொத்தம் 1430 புள்ளிகள் பெறும். அதே சீட்டுகளோடு மறுமேசையில் 4 ஸ்பேடில் நின்றுவிட்ட இணைக்கு 680 மட்டுமே. வேறுபாடு 750. மாறாக 11 பிடிகள் மட்டுமே கிடைத்தால், ஸ்லாம் கேட்டவர் 100 இழப்பார். 4 ஸ்பேடில் நின்றவர் 650 பெறுவார். இப்போதும் வேறுபாடு 750-தான். இடர்நிலையில் இல்லாதபோது இரு பக்கமும் 500.

இதிலிருந்து சிறு ஸ்லாமுக்கான வரம்பு தெளிவாகின்றது. வெற்றி வாய்ப்பு 50 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் கேட்பது இலாபம், குறைந்தால் நட்டம். எதிரணியின் ஒரு ராஜா குறிப்பிட்ட பக்கத்தில் இருந்தாலே வெல்லக்கூடிய ஸ்லாம் சரிபாதி வாய்ப்புடையது. அத்தகைய வாய்ப்புகள் இரண்டு இருந்து, ஏதேனும் ஒன்று பலித்தால் போதும் என்றால் வாய்ப்பு 75 விழுக்காடாகும். ராஜா சாதகமாக இருப்பதோடு, எதிரணியிடம் உள்ள ஐந்து துருப்புகள் 3-2 எனப் பிரிந்திருக்கவும் வேண்டுமெனில் (3-2 பிரிவுக்கான வாய்ப்பு 68 விழுக்காடு), வாய்ப்பு 34 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்.

ஏலத்தின்போது கூட்டாளியின் சீட்டுகள் கண்ணுக்குத் தெரியாதாகையால், இக்கணக்கை யாரும் துல்லியமாகப் போடுவதில்லை. கூட்டாளி காட்டியுள்ள வலிமைக்கு ஒத்த சாதாரணமான கைகள் இரண்டு மூன்றை மனத்தில் வரைந்து, அவற்றுள் பெரும்பாலானவற்றில் 12 பிடிகள் உண்டா என்று பார்ப்பதே நடைமுறை. கூட்டாளியிடம் மிகச் சரியான சீட்டுகள் இருந்தால் மட்டுமே வெல்லும் ஸ்லாமை ஆராயப் புகுவது வீண் என்பது அனுபவசாலிகளின் கருத்து.

புள்ளிகளும் அவற்றின் எல்லையும்

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 எனக் கணக்கிடும் முறை மில்டன் வொர்க் என்பவரால் பரப்பப்பட்டது. சீட்டுக்கட்டு முழுவதிலும் 40 புள்ளிகள் உள்ளன. இரண்டு கைகளும் சமச்சீராக அமைந்து நோ டிரம்பில் ஆடும்போது, சிறு ஸ்லாமுக்கு 33 புள்ளிகளும் பெரு ஸ்லாமுக்கு 37 புள்ளிகளும் தேவை என்பது பொது விதி. 33 என்னும் எண்ணுக்குக் காரணம் எளிது. எதிரணிக்கு எஞ்சுவது 7 புள்ளிகள். இரண்டு ஏஸ்களுக்கு 8 புள்ளிகள் தேவையாதலால், இரண்டும் அவர்களிடம் இருக்க முடியாது.

இவ்வகைக் கைகளில் ஆராய்ச்சிக்கு அதிகம் இடமில்லை. கூட்டாளி 15 முதல் 17 புள்ளிகளைக் காட்டி 1 நோ டிரம்ப் எனத் தொடங்கும்போது, 16 புள்ளிகள் கொண்டவர் 4 நோ டிரம்ப் என்று பதிலளிப்பார். இது ஏஸ்களை வினவுவதன்று. ஓர் அழைப்பே ஆகும். 15 புள்ளிகள் உடையவர் நின்றுவிடுவார். 17 உடையவர் 6 நோ டிரம்ப் கேட்பார். 16 உடையவர்தான் சிந்திக்கவேண்டும். ஐந்து சீட்டுகள் கொண்ட நல்ல இனமும், 10, 9 ஆகிய இடைச்சீட்டுகளும் இருந்தால் ஏற்கலாம். ராணிகளும் ஜாக்கிகளும் சிதறிக் கிடந்தால் மறுப்பது நன்று.

துருப்பு வந்தவுடன் புள்ளிக்கணக்கு தன் செங்கோலை இழந்துவிடுகின்றது. இதன் எல்லையைக் காட்டும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒரு புதினத்தில் உள்ளது. இயான் பிளெமிங் 1955-இல் வெளியிட்ட மூன்ரேக்கரில், ஜேம்ஸ் பாண்ட் முன்கூட்டியே அடுக்கிய சீட்டுகளைக் கொண்டு டிராக்ஸ் என்பவரை வீழ்த்துகின்றார். டிராக்ஸின் கையில் 31 புள்ளிகள். பாண்டுக்கும் அவருடைய கூட்டாளிக்கும் சேர்த்து 8 மட்டுமே. ஆயினும் 7 கிளாவர் ஒப்பந்தம் வெல்கின்றது. இது அடுக்கி வைத்த சீட்டுதான் என்றாலும், அது மெய்ப்பிக்கும் விதி மேசையில் நாள்தோறும் சிறிய அளவில் நிகழ்வதே ஆகும்.

பொருத்தமும் வீணான சீட்டுகளும்

பதிலளிப்பவரின் கை பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்.

ஸ்பேட்: ராஜா, ஜாக்கி, 6, 4
ஹார்ட்: 5
டைமண்ட்: ஏஸ், 9, 7, 2
கிளாவர்: ராஜா, 9, 6, 3

கூட்டாளி 1 ஸ்பேட் எனத் தொடங்கியுள்ளார். பதிலளிப்பவர் 4 ஹார்ட் என்று தாவிக் கேட்கின்றார். இதுவே ஸ்ப்ளிண்டர் கேள்வி. ஸ்பேடுக்கு நான்கு துருப்புகள் உள்ளன, கேம் அளவு வலிமை உண்டு, ஹார்டில் ஒற்றைச் சீட்டோ ஒன்றுமில்லாமையோ இருக்கின்றது என்னும் மூன்று செய்திகளை இந்த ஒரு கேள்வி தெரிவிக்கின்றது. இனி முடிவு தொடங்கியவரின் பொறுப்பு. அவருடைய கை கீழ்க்காணும் இரண்டில் ஒன்று.

முதல் கை
ஸ்பேட்: ஏஸ், ராணி, 9, 7, 5
ஹார்ட்: 8, 6, 3
டைமண்ட்: ராஜா, ராணி, 4
கிளாவர்: ஏஸ், 7

இரண்டாம் கை
ஸ்பேட்: ஏஸ், ராணி, 9, 7, 5
ஹார்ட்: ராஜா, ராணி, 3
டைமண்ட்: 8, 6, 4
கிளாவர்: ஏஸ், 7

இரண்டிலும் 15 புள்ளிகள். கூட்டாளியின் 11 புள்ளிகளோடு சேர்த்து 26. சீட்டு எண்ணிக்கையின் அமைப்பும் ஒன்றே. ஆனால் முதல் கையில் ஐந்து துருப்புகள், மூன்று டைமண்ட், இரண்டு கிளாவர், டம்மியில் துருப்பால் வெட்டப்படும் இரண்டு ஹார்ட் என 12 பிடிகள் கிடைக்கின்றன. இழப்பது ஒரே ஒரு ஹார்ட். இரண்டாம் கையில் ஹார்ட் ஏஸையும் இரண்டு டைமண்ட்களையும் இழக்க நேரிட்டு, 10 பிடிகளே கிடைக்கின்றன. கூட்டாளியின் ஒற்றைச் சீட்டுக்கு எதிரே உள்ள ராஜாவும் ராணியும் பெரும்பாலும் வீணாகிவிட்டன. அதே ஐந்து புள்ளிகள் டைமண்டில் இருந்தபோது கூட்டாளியின் ஏஸோடு சேர்ந்து மூன்று பிடிகளைத் தந்தன.

எனவே ஸ்ப்ளிண்டரைக் கேட்டவுடன் தொடங்கியவர் தம் புள்ளிகளை மீண்டும் எண்ணவேண்டும். ஒற்றைச் சீட்டுள்ள இனத்தில் ஏஸைத் தவிர்த்த பெரிய சீட்டுகளை நீக்கிவிட்டு எஞ்சியவற்றை எண்ணுவது வழக்கம். முதல் கையில் அவ்வெண்ணிக்கை 15. இரண்டாம் கையில் 10. முதல் கை உடையவர் மேலே செல்வார். மற்றவர் 4 ஸ்பேட் எனக் கூறி நின்றுவிடுவார். வீணான சீட்டுகள் எவை என்பதை அறிவதே ஸ்லாம் தீர்ப்பின் பாதி எனலாம். நூல்களில் மரபுகளுக்குக் கிடைக்கும் பக்கங்கள் இதற்குக் கிடைப்பதில்லை.

கட்டுப்பாட்டுக் கேள்விகள்

ஓர் இனத்தில் எதிரணி முதல் இரண்டு பிடிகளைத் தொடர்ந்து எடுப்பதைத் தடுக்கவல்ல சீட்டமைப்பு கட்டுப்பாடு எனப்படும். ஏஸும், அவ்வினத்தில் சீட்டே இல்லாமையும் முதற்சுற்றுக் கட்டுப்பாடுகள். ராஜாவும் ஒற்றைச் சீட்டும் இரண்டாம் சுற்றுக் கட்டுப்பாடுகள். துருப்பு உறுதியானபின், கேமைக் கடந்து செல்லும் எண்ணத்தோடு கேட்கப்படும் புதிய இனம், அவ்வினத்தில் கட்டுப்பாடு உண்டு என்பதைக் காட்டும். ஓர் இனத்தைத் தாண்டி மேலுள்ள இனத்தைக் கேட்பது, தாண்டப்பட்ட இனத்தில் கட்டுப்பாடு இல்லை என்பதைக் காட்டும். சொல்லாமல் விட்டதும் ஒரு செய்தியே என்பதுதான் இம்முறையின் சிறப்பு.

பின்வரும் இரு கைகளைக் காண்க.

தொடங்குபவர்
ஸ்பேட்: ஏஸ், ராணி, ஜாக்கி, 9, 7, 4
ஹார்ட்: ஏஸ், ராஜா, 8
டைமண்ட்: 8, 3
கிளாவர்: ராஜா, ராணி

பதிலளிப்பவர்
ஸ்பேட்: ராஜா, 10, 6, 2
ஹார்ட்: ராணி, ஜாக்கி, 4
டைமண்ட்: ராணி, 7, 5
கிளாவர்: ஏஸ், ஜாக்கி, 4

மொத்தம் 32 புள்ளிகள், பத்துத் துருப்புகள், ஒரே ஒரு ஏஸ்தான் வெளியே உள்ளது. பொறுமையற்ற தொடக்கக்காரர் உடனே 4 நோ டிரம்ப் கேட்டு, ஓர் ஏஸ் மட்டுமே குறைகின்றது என்றறிந்து, மகிழ்ச்சியுடன் 6 ஸ்பேட் கேட்பார். எதிரணி டைமண்ட் ஏஸையும் ராஜாவையும் இறக்கி முதல் இரண்டு பிடிகளிலேயே ஒப்பந்தத்தைத் தோற்கடித்துவிடும். எதிரணியிடம் உள்ள எட்டுப் புள்ளிகளும் ஒரே இனத்தில் குவிந்துள்ளன என்பதை ஏஸ் எண்ணிக்கை ஒருபோதும் தெரிவிக்காது.

முறையான ஏலத்தில், 1 ஸ்பேடுக்குப் பதிலளிப்பவர் கேமுக்கான வலிமையுடன் 3 ஸ்பேட் என உயர்த்துவார் (இம்மதிப்பு இணைகள் பின்பற்றும் முறைக்கேற்ப மாறும்). தொடங்கியவர் 4 கிளாவர் என்று அவ்வினத்தின் கட்டுப்பாட்டைக் காட்டுவார். பதிலளிப்பவரிடம் டைமண்டிலும் ஹார்டிலும் கட்டுப்பாடு இல்லையாதலால் 4 ஸ்பேடுக்குத் திரும்புவார். டைமண்டைக் கட்டுப்படுத்துபவர் எவருமில்லை என்பது தொடங்கியவருக்கு விளங்கிவிடும். 19 புள்ளிகளைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ் சொல்வது கடினமானது. ஆயினும் அதுவே சரியானது.

இங்கே ஒன்றைக் குறிப்பிடவேண்டும். எதிரணி முதலில் டைமண்டை இறக்காவிட்டால், ஆடுபவர் மூன்றாவது கிளாவரில் ஒரு டைமண்டைக் கழித்து 12 பிடிகளை எடுத்துவிடுவார். இதனால் சில வல்லுநர்கள், பலவீனமான இனத்தைக் காட்டிக்கொடுக்கும் நீண்ட ஆராய்ச்சியைத் தவிர்த்து, நேரடியாக ஸ்லாமுக்குத் தாவுவதும் உண்டு. கட்டுப்பாட்டுக் கேள்விகளை எதிரணியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றது. எனினும் பயிலும் நிலையில் உள்ளோர் இவ்வழியைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லதன்று.

பிளாக்வுட் மரபு

ஈஸ்லி பிளாக்வுட் வகுத்த மூல முறையில், 4 நோ டிரம்ப் கேள்விக்கு 5 கிளாவர் என்பது ஏஸ் ஏதுமில்லை அல்லது நான்கும் உண்டு என்பதையும், 5 டைமண்ட் ஓர் ஏஸையும், 5 ஹார்ட் இரண்டையும், 5 ஸ்பேட் மூன்றையும் குறித்தன. இன்று போட்டிகளில் பெரிதும் வழங்குவது ரோமன் கீ கார்டு பிளாக்வுட் என்னும் வளர்ச்சியுற்ற வடிவம் ஆகும். இதில் துருப்பின் ராஜாவும் ஐந்தாவது ஏஸாகக் கருதப்படும். இவ்வைந்தும் திறவுச் சீட்டுகள் எனலாம். ஒரு வகையில் 5 கிளாவர் 1 அல்லது 4 திறவுச் சீட்டுகளையும், 5 டைமண்ட் 0 அல்லது 3-ஐயும் குறிக்கும். மற்றொரு வகையில் இவ்விரண்டும் இடம் மாறும். 5 ஹார்ட் என்பது துருப்பின் ராணி இல்லாமல் இரண்டையோ ஐந்தையோ, 5 ஸ்பேட் என்பது ராணியுடன் இரண்டையோ ஐந்தையோ காட்டும். முதல் வகைக்கு 1430 என்று பெயர். மேலே கண்ட, இடர்நிலையில் 6 ஸ்பேட் தரும் புள்ளியும் அதுவேயாதலால் பெயர் எளிதில் நினைவில் நிற்கின்றது.

ஸ்ப்ளிண்டர் எடுத்துக்காட்டின் முதல் கைக்குத் திரும்புவோம். தொடங்கியவரிடம் கிளாவர் ஏஸும், டைமண்ட் ராஜாவும் உள்ளன. ஹார்டில் கூட்டாளி ஒற்றைச் சீட்டைக் காட்டிவிட்டார். எந்த இனத்திலும் இரண்டு பிடிகள் உடனடியாகப் போவதற்கில்லை. 12 பிடிகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. இப்போதுதான் 4 நோ டிரம்ப் கேட்பதற்கு உரிய நேரம். கூட்டாளி 5 ஹார்ட் என்று கூறி, துருப்பு ராஜா, டைமண்ட் ஏஸ் ஆகிய இரண்டு திறவுச் சீட்டுகளைக் காட்டுவார். தொடங்கியவரிடம் இரண்டு, ஆக நான்கு. ஒன்று மட்டுமே குறைவதால் 6 ஸ்பேட். கூட்டாளி ஒரே திறவுச் சீட்டைக் காட்டியிருந்தால் 5 ஸ்பேடில் நிறுத்தியிருக்கலாம். பிளாக்வுட் ஸ்லாமைக் கண்டுபிடிக்கும் கருவியன்று, தவறான ஸ்லாமிலிருந்து காப்பாற்றும் கருவி என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கூறுவதன் பொருள் இதுவே.

சில கைகளில் இம்மரபு பயன்படாது. மேலே கண்டதுபோல் ஓர் இனத்தில் கட்டுப்பாடற்ற இரண்டு சீட்டுகளை வைத்திருப்பவர் இதனைக் கேட்கலாகாது. ஓர் இனத்தில் சீட்டே இல்லாதவரும் கேட்கலாகாது. கூட்டாளி காட்டும் ஏஸ் அந்த இனத்துக்குரியதாக இருந்தால் அதனால் பயன் குறைவு. கிளாவர் துருப்பாகும்போது, எதிர்பார்த்ததைவிடக் குறைவான விடையே 5 கிளாவரைக் கடந்து இணையை ஸ்லாமுக்குள் தள்ளிவிடக்கூடும். எனவே 4 நோ டிரம்ப் கேட்பதற்கு முன்பே, ஒவ்வொரு விடைக்கும் அடுத்து என்ன கேட்பது என்று தீர்மானித்திருக்கவேண்டும்.

பெரு ஸ்லாம்

பெரு ஸ்லாமின் கணக்கு வேறு. இடர்நிலையில் 7 ஸ்பேட் வென்றால் 2210. 6 ஸ்பேடில் 13 பிடிகள் எடுத்தவருக்கு 1460. ஈட்டுவது 750. தோற்றாலோ, உறுதியாக இருந்த 1430-ஐ இழந்து மேலும் 100 கொடுக்கவேண்டும், நட்டம் 1530. அணிப் போட்டிகளில் இவ்வேறுபாடுகள் ஐஎம்பி எனப்படும் சுருக்கப் புள்ளிகளாக மாற்றப்படுகின்றன. அவ்வாறு மாற்றினால் ஈட்டுவது 13, இழப்பது 17. ஆகவே ஏறத்தாழ 57 விழுக்காடு வாய்ப்பு தேவை. நடைமுறையில் இதனினும் கூடுதலான வாய்ப்பை எதிர்பார்ப்பது நல்லது. மறுமேசையில் உள்ளவர்கள் சிறு ஸ்லாமையே கேட்காமல் விட்டிருக்கக்கூடும். அந்நிலையில் 6 கேட்டாலே பெரும் இலாபம் கையில் உள்ளது. 7 கேட்பது அதனைப் பணயம் வைப்பதாகும்.

துருப்பு ராணியின் மதிப்பு இங்கேதான் விளங்குகின்றது. ஒன்பது துருப்புகளுடன் ஏஸும் ராஜாவும் இருந்து ராணி இல்லையெனில், அவ்விரண்டையும் இறக்கும்போது ராணி விழுவதற்கான வாய்ப்பு 53 விழுக்காடு. பெரு ஸ்லாமுக்கு இது போதாது. பத்துத் துருப்புகள் இருந்தால் 78 விழுக்காடு. இதனால்தான், தம் இணையிடம் பத்துத் துருப்புகள் உள்ளன என்றறிந்தவர், ராணி இல்லாதபோதும் இருப்பதாகவே விடை கூறுவது வழக்கம். கல்பர்ட்சனின் 5 நோ டிரம்ப் மரபு, துருப்பின் ஏஸ், ராஜா, ராணி ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் 7 கேட்குமாறு கூட்டாளியைப் பணிப்பதும் இதே அச்சத்தினால்தான்.

உலகப் போட்டி வரலாற்றில் மிகுதியாகப் பேசப்பட்ட பெரு ஸ்லாம், 1975-ஆம் ஆண்டு பெர்முடாவில் நடைபெற்ற பெர்முடா கிண்ண இறுதிப் போட்டியில் நிகழ்ந்தது. இத்தாலிக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையிலான அப்போட்டியின் 92-ஆவது ஆட்டத்தில், இத்தாலியின் ஜியார்ஜியோ பெல்லடோன்னா, பெனிட்டோ கரோஸ்ஸோ இணை 7 கிளாவர் கேட்டது. துருப்பின் ராஜா எதிரணியினரான எட்வின் கான்டாரிடம் இருந்தது. மறுமேசையில் அமெரிக்க இணை 6 நோ டிரம்பில் நின்றுவிட்டிருந்தது. கான்டாரின் ராஜா, 10 என்னும் ஒரே துணைச்சீட்டுடன், ஏஸ், ராணி ஆகியவற்றுக்கு முன்னால் அமைந்திருந்தமையால் ஒப்பந்தம் வென்றது; இத்தாலி பட்டத்தையும் வென்றது. அது தோற்றிருந்தால் பட்டம் கைமாறியிருக்கும் என்று பிரிட்ஜ் எழுத்தாளர்கள் பலர் கருதுகின்றனர். துருப்பு ராஜா இல்லாத பெரு ஸ்லாம், தேவையான 57 விழுக்காட்டுக்கு மிகக் கீழே உள்ளது என்பதில் ஐயமில்லை. வென்றது என்பதனால் அக்கேள்வி சரியானதாகிவிடாது.

தயக்கமும் விதிகளும்

கடினமான முடிவுகள் மிகுந்தமையால், ஸ்லாம் ஏலங்களில் ஆட்டக்காரர்கள் நீண்ட நேரம் சிந்திப்பது இயல்பு. சிந்திப்பது குற்றமன்று. ஆனால் ஒருவர் நெடுநேரம் தயங்கி 4 ஸ்பேட் கேட்டால், அவருக்கு மேலும் செல்லும் எண்ணம் இருந்தது என்பது அத்தயக்கத்தால் வெளிப்பட்டுவிடுகின்றது. டூப்ளிகேட் பிரிட்ஜ் சட்டங்களின் 16-ஆவது விதி, கூட்டாளியின் தயக்கம், குரல், முகக்குறிப்பு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் செய்தியைப் பயன்படுத்துவதைத் தடை செய்கின்றது. தயக்கத்துக்குப்பின் ஸ்லாமுக்குச் சென்று வென்ற இணையின் புள்ளிகளை நடுவர் திருத்தியமைக்கலாம். கூட்டாளிகள் ஒருவரையொருவர் காணாதவாறு மேசையின் குறுக்கே வைக்கப்படும் திரை, மேற்கூறிய 1975-ஆம் ஆண்டுப் போட்டியில்தான் உலகப் போட்டிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது.

எதிரணியின் டபுள்

தாமாக முன்வந்து ஸ்லாம் கேட்ட இணை, பெரும்பாலும் ஒரு பிடிக்கு மேல் தோற்பதில்லை. ஆகையால் புள்ளிகளைப் பெருக்குவதற்காக மட்டும் அதனை டபுள் செய்வதில் எதிரணிக்கு இலாபம் குறைவு. இதனைக் கண்ட தியோடர் லைட்னர், அந்த டபுளுக்கு வேறொரு பொருளைத் தந்தார். முதல் சீட்டை இறக்கும் உரிமை இல்லாதவர் ஸ்லாமை டபுள் செய்தால், வழக்கமான இனத்தை விடுத்து எதிர்பாராத இனத்தை இறக்குமாறு தம் கூட்டாளியை வேண்டுகின்றார் என்பது அதன் பொருள். பெரும்பாலும் அவரிடம் ஓர் இனத்தில் சீட்டே இராது. அதனைத் துருப்பால் வெட்ட விரும்புகின்றார். டம்மியாகப் போகின்றவர் முதலில் கேட்ட இனம் பல நேரங்களில் அதுவாக இருக்கும். லைட்னர் டபுளைக் கேட்ட ஸ்லாம் இணையினர், துருப்பால் வெட்டப்படும் ஆபத்தை உணர்ந்து 6 நோ டிரம்புக்கு ஓடிவிடுவதும் உண்டு.